உப்புக் காற்றும் சைக்கிள் செயினும்

துவிச்சக்கர வண்டியின் பெடலில் விழும் கால்விசையைப் பின்சில்லுவரை கொண்டுசேர்க்கும் உறுப்புகள் யாவற்றையும் சேர்த்துச் செலுத்துத் தொகுதி எனலாம். பெடல்கள், அவற்றைத் தாங்கும் இரண்டு கிராங்குகள், கிராங்குகளை இணைத்தபடி சட்டத்தின் அடிக்குழலினூடாகச் செல்லும் அச்சு, அந்த அச்சைச் சுழலவிடும் உருக்குக் குண்டுகள், முன்புறத்துப் பெரிய பற்சில்லு, செயின், பின்சில்லில் பூட்டப்பட்ட சிறிய பற்சில்லு, மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லைத் தடையின்றி உருளவிடும் பிறீவீல் என்னும் பொறியமைப்பு ஆகியன இதில் அடங்கும். வண்டியில் மிகுந்த சுமையைத் தாங்குவதும் முதலில் தேய்வதும் இத்தொகுதியே என்பதால், செயின் பின்னைத் தள்ளுவதற்கு ஒன்று, கிராங்கை இழுத்தெடுக்க ஒன்று, பிறீவீலைக் கழற்ற ஒன்று, தேய்வை அளக்க ஒன்று எனச் சிறப்புக் கருவிகள் பலவும் விற்கப்படுகின்றன. கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு வீட்டில் இவற்றுள் ஒன்றேனும் இருப்பது அரிது. சுத்தியலும் குறடும் இரண்டொரு ஸ்பனர்களும் இருக்கும், பிள்ளைகளின் புத்தகப் பையில் ஓர் அடிமட்டமும் இருக்கும்.

இவ்வளவைக் கொண்டு அத்தொகுதியை எவ்வளவு தூரம் பேண முடியும் என்பது 2022இல் கொழும்பு வாசிகள் பலருக்கு அன்றாடக் கேள்வியாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாக உயர்ந்தது. அதையடுத்த நாட்களில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற நிலை வந்து, பின்னர் கியூஆர் குறியீட்டின் மூலம் வாரப் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் கிடைத்தன. மாடிப்படிகளின் கீழும் மொட்டை மாடிகளிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த ரலி, ஹம்பர் முதலிய பழைய பிரித்தானிய வண்டிகளும், பாணந்துறையில் உற்பத்தியாகும் லுமாலா வண்டிகளும் காலி வீதிக்கு மீண்டும் வந்தன. புதிய வண்டிகளின் விலை ஏறிவிட்டது. வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டால் உதிரிப்பாகங்களும் இலகுவில் கிடைக்கவில்லை. புறக்கோட்டை டாம் வீதியின் சைக்கிள் கடைகளுக்குப் போனவர்கள் கேட்டதைப் பெறாமல் கிடைத்ததைக் கொண்டு திரும்பினர்.

நாட்டின் வடக்கில் இதைவிடக் கடுமையான பாடம் ஏற்கெனவே படிக்கப்பட்டிருந்தது. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள், மின்கலம் முதலிய பல பொருள்கள் செல்வது தடைசெய்யப்பட்டபோது, மக்களின் போக்குவரத்தும் பொருட்போக்குவரத்தும் பெரும்பாலும் சைக்கிளின்மீதே நின்றன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்னைக் கொண்டு வானொலி கேட்டதை அக்கால யாழ்ப்பாணத்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டுகளில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வெள்ளவத்தையில் குடியேறியவர்கள் மிகப் பலர். குட்டி யாழ்ப்பாணம் என்று அப்பகுதி பெயர்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் யாழ்ப்பாணத்துக் கைப்பழக்கத்தை அப்படியே கொழும்பின் கடற்கரைக்குக் கொண்டுவர முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லுமுன் செயினின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

இன்றைய சைக்கிள் செயினின் மூலவடிவம், சுவிற்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்ரரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனோல்ட் 1880இல் உருவாக்கிய உருளைச் செயினாகும். இரண்டு வெளித்தகடுகளை இணைக்கும் உருக்குப் பின், அப்பின்னைச் சுற்றி உள்தகடுகளோடு பொருந்திய புஷ் என்னும் சிறு குழல், அக்குழலின்மேல் தளர்வாகச் சுழலும் உருளை என ஒவ்வொரு மூட்டிலும் மூன்று உறுப்புகள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்துள்ளன. உருளை பற்சில்லின் பல்லில் உராயாமல் உருள்கிறது. செயின் வளையும்போது உண்மையான உராய்வு பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் நிகழ்கிறது. அடுத்தடுத்த இரு மூட்டுகளின் மையங்களுக்கிடையே உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர், நூறாண்டுக்கு மேலாகியும் இந்த அளவு மாறாதிருப்பதனால்தான் தாத்தாவின் ஹம்பருக்கு இன்று வாங்கிய செயின் பொருந்துகிறது.

அந்த உட்புற உராய்வின் அளவைச் சிறு கணக்கொன்றால் உணரலாம். முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் 112 கண்ணிகள் கொண்ட செயினும் உடைய 28 அங்குலச் சில்லு வண்டியொன்று ஏறத்தாழ 14 மீற்றர் செல்வதற்குள் செயின் ஒருமுறை முழுச் சுற்று வந்துவிடுகிறது. அச்சுற்றில் ஒவ்வொரு மூட்டும் முன்பற்சில்லில் ஏறும்போதும் இறங்கும்போதும், பின்பற்சில்லில் ஏறும்போதும் இறங்கும்போதுமாக நான்கு தடவை வளைகிறது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்த் திரும்பும் ஏறத்தாழ 20 கிலோமீற்றர்ப் பயணத்தில், இடைவிடாமல் மிதிப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு மூட்டும் 5,700 தடவைக்கு மேல் வளையும். இழுவையும் சிறிதன்று: புனித லூசியா பேராலயம் நிற்கும் கொட்டாஞ்சேனை மேட்டில் ஏறும்போது 60 கிலோ எடையுள்ள ஒருவர் எழுந்து நின்று தம் முழு எடையையும் கிடையாக நிற்கும் பெடலில் போட்டால், கிராங்கின் நீளம் 165 மில்லிமீற்றராகவும் பற்சில்லின் ஆரை 89 மில்லிமீற்றராகவும் இருப்பதால், நெம்புகோல் விதிப்படி செயினில் ஏறத்தாழ 110 கிலோவுக்குச் சமமான இழுவை உண்டாகும். நல்ல செயின் 800 கிலோ அளவு இழுவையையும் தாங்கும் என்பதால் அது அறுவதில்லை; தேய்கிறது.

செயின் நீண்டுவிட்டது என்று பேச்சில் சொல்வது வழக்கம். தகடுகள் ரப்பரைப்போல நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் புஷ்ஷும் நூறிலொரு பங்கு மில்லிமீற்றர்க் கணக்கில் தேய்ந்து, அத்தேய்வுகள் அனைத்தும் கூடி மொத்த நீளத்தில் வெளிப்படுகின்றன. இதை அளக்கத் தனிக் கருவி உண்டெனினும், கண்ணிகளின் அளவு அங்குலத்தில் அமைந்திருப்பது வீட்டுப் பழுதுபார்ப்பவருக்குப் பெரும் வாய்ப்பு. அடிமட்டத்தின் அங்குலப் பக்கத்தின் பூச்சியத்தை ஒரு பின்னின் மையத்தில் வைத்து, செயினை இழுத்துப் பிடித்தால், புதிய செயினில் 24 கண்ணிகளுக்கு அப்பாலுள்ள பின்னின் மையம் சரியாக 12 அங்குலத்தில் விழும். அது அங்குலத்தில் பதினாறிலொரு பங்கு தாண்டியிருந்தால் தேய்வு அரை சதவீதத்தைக் கடந்துவிட்டது, செயினை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. எட்டிலொரு பங்கு தாண்டியிருந்தால் தேய்வு ஒரு சதவீதம், பற்சில்லுகளும் பழுதாகத் தொடங்கியிருக்கும். மூட்டுக்கு மூட்டு இடைவெளி கூடிய செயின் பற்களின் அடியில் அமராமல் நுனியை நோக்கி ஏறி, பல பற்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய சுமையை ஒன்றிரண்டு பற்களின்மேல் ஏற்றுவதால், பற்கள் கொக்கி வடிவில் தேய்கின்றன. அத்தகைய பற்சில்லில் புதிய செயினைப் போட்டால் அது வழுக்கும்.

இவ்விடத்தில் பரவலான கைவேலை ஒன்றைக் கண்டித்தே ஆகவேண்டும். தேய்ந்த செயின் தொங்கத் தொடங்கியதும் பின்சில்லைச் சட்டத்தின் பிளவில் பின்னுக்கு இழுத்து இறுக்குவதும், பிளவின் முடிவை எட்டியதும் இரண்டு கண்ணிகளை, அதாவது ஓர் அங்குலத்தை, வெட்டியெடுத்துவிட்டுச் சில்லை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவருவதும் வழக்கம். தொய்வு மறைந்துவிடும், தேய்வு அப்படியே இருக்கும். 112 கண்ணிச் செயின் ஒரு சதவீதம் தேய்ந்தால் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர்தான் கூடும் என்னும்போது, ஓர் அங்குலத்தை வெட்டவேண்டிய நிலைக்கு வந்த செயின் எப்போதோ மாற்றப்பட்டிருக்க வேண்டியது.

இனி, முன்பு சொல்லாமல் விட்ட காரணத்துக்கு வருவோம்: கடல். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கும் ஒழுங்கைகள் சில நூறு மீற்றரில் மரைன் டிரைவையும் கரையோர ரயில் பாதையையும் அடைந்துவிடுகின்றன, அதற்கப்பால் அலை. அலை உடையும்போது காற்றில் எழும் நுண்துளிகள் நீரை இழந்து உப்புத் துகள்களாகிக் கரையில் படிகின்றன. கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல இப்படிவு விரைவாகக் குறைகிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றோ கடலிலிருந்து நேரே நகரத்துக்குள் புகுகிறது. கொட்டாஞ்சேனைக்கும் கடலுக்கும் இடையில் துறைமுகமும் அதன் அலைதாங்கிச் சுவர்களும் உள்ளன. தென்மேற்கு அலைதாங்கி 1885இல் நிறைவுற்றது. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராலி, செயினால் பின்சில்லை இயக்கும் ரோவர் சைக்கிளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். துறைமுகத்தில் அலை தொலைவிலேயே உடைவதால் கொட்டாஞ்சேனைச் செயின்களைத் தாக்குவது உப்பைவிடக் கொள்கலன் லொறிகளின் கரியும் புழுதியுமே எனலாம்.

உப்புத் துகள் உருக்கின்மேல் உலர்ந்து கிடக்கும்வரை பெருந்தீங்கு செய்வதில்லை. காற்றிலுள்ள நீராவியின் அளவை, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய உச்ச அளவின் சதவீதமாகச் சொல்வது சாரீரப்பதன். கறியுப்பாகிய சோடியம் குளோரைட்டு, சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரைந்து திரவமாகிவிடும்; கடலுப்பில் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டுக்கு ஏறத்தாழ 33 சதவீதமே போதும். கொழும்பின் சராசரிச் சாரீரப்பதனோ ஏறத்தாழ 80 சதவீதம். ஆகவே வெள்ளவத்தையில் செயின்மேல் படிந்த கடலுப்பு உலர்வதற்கு வாய்ப்பே இல்லை. மழை பெய்யாத நாளிலும் மெல்லிய உப்புநீர்ப் படலமொன்று உருக்கைப் போர்த்தபடியே இருக்கும். மின்னைக் கடத்தும் அப்படலத்தில் இரும்பு ஓரிடத்தில் கரைய, ஒட்சிசன் வேறோரிடத்தில் எலத்திரன்களைப் பெற, துரு பிறக்கிறது. குளோரைட்டு அயன்களோ உருக்கைக் காக்கக்கூடிய மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உடைத்து, துருவேறுதலை ஊக்குவித்தபடி தாம் அழியாமலே இருக்கின்றன. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு கனவளவு கொண்டது. இரண்டு உலோகப் பரப்புகளுக்கிடையே அது உண்டாகும்போது ஆப்பு அறைந்ததுபோல இறுகுகிறது. கழற்ற முடியாத நட்டுகளின் வரலாறு பெரும்பாலும் இதுதான்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் முடிவு பலருக்கு வியப்பளிக்கக்கூடும். அடுக்குமாடி வீட்டின் கடலை நோக்கிய பல்கனியில், கூரையின்கீழ், மழை படாமல் பத்திரமாக நிற்கும் சைக்கிள், முற்றத்தில் மழையில் நனையும் சைக்கிளைவிட விரைவாகத் துருவேறலாம். பல்கனிக்கு உப்பு வருகிறது, அதைக் கழுவும் மழை வருவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்பில் நன்னீரே மலிவான பாதுகாப்பு. இரண்டாவது முடிவு வேலையின் ஒழுங்கு பற்றியது. துருவைக் கண்டவுடன் ஒயில் ஊற்றுவது இயல்பான பழக்கம். ஆனால் உப்பு எண்ணெயில் கரையாது, நீரிலேயே கரையும். ஆகவே உப்பின்மேல் ஊற்றிய ஒயில் உப்புநீரை உள்ளே மூடிவைக்கும் போர்வையாகிவிடுகிறது. முதலில் குழாய்நீரால் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் நன்றாக உலரவைத்து, அதன்பின்பே ஒயில் இடவேண்டும்.

செயினில் ஒட்டிய பழைய ஒயிலையும் மணலையும் கரைக்க இலங்கையில் தொன்றுதொட்டுப் பயன்படுவது மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபின், சைக்கிள் கழுவுவதற்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துவது ஊதாரித்தனமாகிவிட்டது. எனினும் ஒரு தேநீர்க் கோப்பை அளவு போதும்: செயினைக் கழற்றி, மூடியுள்ள போத்தலொன்றில் இட்டுக் குலுக்கி, அடியில் மணல் படியும்வரை வைத்திருந்து, மேலே தெளிந்ததை வேறொரு போத்தலில் வடித்துக்கொண்டால் அதே மண்ணெண்ணெய் பலமுறை உதவும். மண்ணெண்ணெய் ஒயிலைக் கரைப்பது, தான் ஒயிலாகாது. அதில் ஊறிய செயினை அப்படியே ஓட்டினால், புஷ்ஷினுள் எஞ்சியிருந்த பழைய ஒயிலும் வெளியேறிய நிலையில் உருக்கோடு உருக்கு உரசும்.

அடுத்தது என்ன இடுவது என்பது. ஒயில் வேலைசெய்ய வேண்டிய இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளி. அங்கே அது மயிர்த்துளைமையால், அதாவது குறுகிய இடைவெளிக்குள் திரவம் தானாக ஏறும் இயல்பால், நுழைய வேண்டும். தையல் மெஷின் ஒயில் இலகுவாக நுழையும், ஆனால் விரைவில் வெளியேறிவிடும். மோட்டார் வண்டிக்கான புதிய எஞ்சின் ஒயில் மெதுவாக நுழைந்து நீண்டநாள் தங்கும். கராஜுகளில் இலவசமாகக் கிடைக்கும் கழிவு ஒயிலில் கரியும் உலோகத் தூளும் அமிலமும் இருப்பதோடு, எஞ்சின் வெப்பத்தில் உண்டாகும் பல்வளைய ஐதரோகாபன்களும் சேர்ந்துள்ளன. அவற்றுட் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்பதால் வெறுங்கையால் அதைத் தொடுவதே தவறு. சமையலறை எண்ணெய்களுள் நல்லெண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு வினைபுரிந்து நாளடைவில் பிசினாக இறுகும். தேங்காயெண்ணெய் பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பமிலங்களால் ஆனதால் அவ்வாறு இறுகாது, ஆனால் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாவுக்கு ஒவ்வாத அந்த எண்ணெய் கொழும்பின் வெப்பத்தில் உறையாது. ஒருநாள் அவசரத்துக்கு அதை ஏற்கலாம், வழக்கமாக்க முடியாது. மெழுகுதிரியை உருக்கி அதில் செயினை ஊறவைப்பவர்களும் உண்டு. மெழுகில் புழுதி ஒட்டாது என்பது மெய்யே. கொட்டாஞ்சேனைக்கு அது ஓரளவு பொருந்தும். ஓட்டத்தில் உதிர்ந்து, தகடுகளின் வெளிப்புறத்தை வெறுமையாக விட்டுவிடும் மெழுகு வெள்ளவத்தைக்குப் பொருந்தாது.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. சைக்கிள் செயின், கொடுத்த சக்தியில் 98.6 சதவீதம்வரை பின்சில்லுக்குக் கொண்டுசேர்க்கும் என்று அவர்கள் கண்டனர். தூய்மையான ஆய்வுகூடச் சூழலில் ஒயில் இட்டதற்கும் இடாததற்கும் செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இதை வைத்து ஒயில் வேண்டாம் என்று முடிவுகட்டுவது தவறாகும். அவர்கள் அளந்தது சக்தி இழப்பை. ஒயில் காப்பதோ உலோகத்தை.

கழுவுவதற்குச் செயினைக் கழற்ற வேண்டும். ஒற்றைப் பற்சில்லு வண்டிகளின் செயினில் ஒரு கண்ணி மட்டும் குதிரை இலாட வடிவிலான விற்கிளிப்பால் பூட்டப்பட்டிருக்கும். குறட்டின் ஒரு தாடையைக் கிளிப்பின் திறந்த நுனிகளிலும் மற்றதை அருகிலுள்ள பின்னின் தலையிலும் வைத்து அழுத்தினால், நுனிகள் விரிந்து கிளிப் கழன்றுவிடும். அப்போது மறுகையால் மூடிக்கொள்ளாவிட்டால் அது துள்ளிப் பறந்து வடிகானுக்குள் போகும் வாய்ப்பே அதிகம். மீண்டும் பூட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். ஓட்டத்தில் ஏதேனும் தட்டுப்பட்டால், அத்தட்டு கிளிப்பைக் கழற்றாமல் இறுக்கவே செய்யும்.

கிளிப் இல்லாத இடத்தில் செயினைப் பிரிக்க வேண்டுமானால் பின்னையே தள்ளியெடுக்க வேண்டும். இதற்கான கருவி, தகட்டை ஒரு பக்கத்தில் தாங்கிக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து பின்னை நேர்கோட்டில் தள்ளும் சிறு திருகு. அதன் பணிகளான தாங்குதலையும் தள்ளுதலையும் பிரித்துப் பார்த்தால் மாற்றுவழி தானே தெரியும். பின்னைவிடச் சற்றே மெல்லிய, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள ஆணியொன்றின் கூரை அரத்தால் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும். கூர் இருந்தால் அது பின்னின் முனையை விரியச்செய்து தகட்டில் இன்னும் இறுக்கிவிடும். பெரிய நட்டொன்றைத் தரையில் வைத்து, அதன் துளைக்கு நேர்மேலே பின் அமையுமாறு செயினைக் கிடத்தி, ஆணியை நிமிர்த்திப் பிடித்துச் சுத்தியலால் அளவாக அடித்தால், தகட்டை நட்டின் விளிம்பு தாங்க, பின் துளைக்குள் இறங்கும். அது மறுபக்க வெளித்தகட்டிலிருந்து முழுவதும் கழன்றுவிடாமல் நிறுத்துவதே கைத்திறன். கழன்றுவிட்டால், தன்னைவிட நுண்ணிதாகச் சிறுத்த துளைக்குள் அதை மீண்டும் நேராக நுழைப்பது பெரும்பாடு. மீண்டும் இணைத்தபின் அந்த மூட்டு விறைத்து நின்றால், செயினைப் பக்கவாட்டில் இருபுறமும் மெல்ல வளைத்தால் தகடுகள் சற்று விலகி மூட்டு இளகும். கியர் வண்டிகளின் மெல்லிய செயினுக்கு இம்முறை ஆகாது. அவற்றின் பின்முனைகள் விரித்து அடிக்கப்பட்டவை, ஒருமுறை தள்ளிய பின்னை மீண்டும் நம்ப முடியாது.

விசை எதன்வழியே செல்கிறது என்ற கேள்வி இன்னும் முக்கியமாவது பழைய வண்டிகளின் கொட்டர் பின்னில். கிராங்கையும் அச்சையும் இணைக்கும் இந்தப் பின், ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்ட உருக்கு ஆப்பு. அச்சிலுள்ள தட்டையான வெட்டில் அது அமர்ந்து இறுகுகிறது, அதன் மெல்லிய முனையிலுள்ள நட் அதை விழாமல் காக்கிறது. உப்புக் காற்றில் சில ஆண்டுகள் இருந்த கொட்டர் பின்னைக் கழற்றுவதே செலுத்துத் தொகுதி வேலைகளுள் மிகக் கடினமானது. சும்மா நிறுத்திய வண்டியில் அதன்மேல் சுத்தியலால் அடித்தால், அடியின் விசை கிராங்கின் வழியே அச்சுக்கும், அச்சிலிருந்து அதைத் தாங்கும் கால் அங்குலக் குண்டுகளுக்கும், அங்கிருந்து கப் எனப்படும் கிண்ணத்துக்கும் சென்றுவிடும். பக்கத்துக்கு 11 குண்டுகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் கிண்ணத்தைத் தொடுவது ஏறக்குறைய ஒரு புள்ளியில்தான். அப்புள்ளியில் அமுக்கம் மிகப் பெரிதாகிக் கிண்ணத்தில் பள்ளங்கள் விழும், பின்பு ஒவ்வொரு மிதிப்பிலும் பெடல் கரகரக்கும். பின்னோ அசையாதிருக்கும்.

இதற்கு மாற்று ஒரு துண்டு இரும்புக் குழாய். கிராங்குக்கும் தரைக்கும் இடையிலுள்ள உயரத்துக்குச் சரியாக வெட்டிய அக்குழாயின் ஒரு முனையைச் சீமெந்துத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் கொட்டர் பின்னின் பருத்த தலையைச் சூழ்ந்து கிராங்கின் அடியில் பொருத்தினால், அடியின் விசை கிராங்கிலிருந்து நேரே குழாய்க்கும் தரைக்கும் சென்றுவிடும். குண்டுகளை அது தீண்டுவதில்லை. முதல்நாள் மாலையிலேயே துருப்பட்ட இடுக்கில் மண்ணெண்ணெய் கலந்த ஒயிலைச் சொட்டி ஊறவிட வேண்டும். நட்டை முழுவதும் கழற்றாமல், அதன் மேல்விளிம்பு புரிமுனையோடு சமமாகும்வரை மட்டும் தளர்த்திவிட்டால், அடி புரியைச் சிதைக்காது. பாரமான சுத்தியலால் ஒரே அடி, நேராகவும் தயக்கமின்றியும் விழ வேண்டும். சிறிய சுத்தியலால் பலமுறை தட்டினால் ஒவ்வோர் அடியின் ஆற்றலும் பின்முனையை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். அஞ்சி அஞ்சித் தட்டுபவரே பின்னைக் கெடுக்கிறார். திரும்பப் பூட்டும்போது இரு பின்களும் எதிரெதிர்த் திசைகளில் நுழைய வேண்டும், இல்லையேல் இரு கிராங்குகளும் ஒரே நேர்கோட்டில் அமையா. பின்னை நட்டால் இழுத்து இறுக்க முயலாமல், குழாயின் துணையோடு அடித்து அமர்த்தியபின்பே நட்டை முறுக்குவது முறை.

கிராங் கழன்றபின் எதிர்ப்படுவது வலதுபக்கக் கப். இங்கிலாந்து மரபில் அமைந்த வண்டிகளில் இது இடப்புரியுடையது, அதாவது வழக்கத்துக்கு மாறாக மணிக்கூட்டுத் திசையில் திருகினால் கழல்வது. இதை அறியாமல் வழக்கமான திசையில் பலத்தைக் காட்டிச் சட்டத்தையே கெடுத்தவர்கள் உண்டு. இடது பெடலும் இவ்வாறே இடப்புரியுடையது. காரணம் எளிய சோதனையில் விளங்கும்: பென்சிலொன்றை ஒரு கையின் பிடிக்குள் தளர்வாக வைத்து, அதன் நுனியை மறுகையால் வட்டமாக அசைத்தால், பிடிக்குள் உருளும் பென்சில் அவ்வட்டத்துக்கு எதிர்த்திசையில் மெல்லச் சுழல்வதைக் காணலாம். சுமையின் திசை சுற்றிவரும் புரியுறுப்பும் தன் துளைக்குள் இவ்வாறே நுண்ணளவில் ஊர்கிறது. அவ்வூர்தல் கழற்றாமல் இறுக்குமாறு புரியின் திசை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. ரலி தொழிற்சாலை தன் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 26 புரி வைத்திருந்தது, ஏனையவற்றில் 24. ரலியின் கப்பைக் கெடுத்துவிட்டால் டாம் வீதியில் மாற்று கிடைப்பது அரிதென்பதற்கு இதுவே காரணம்.

இந்தக் கப்புக்கான சாவி மெல்லியது, எளிதில் வழுக்குவது. இம்முறை வீட்டுக் கைவேலையே சிறப்புக் கருவியைவிட மேலானது. பெரிய போல்ட் ஒன்றை வாஷரோடு வெளிப்புறத்திலிருந்து கப்பின் துளையினூடாகச் செலுத்தி, உட்புறத்தில் இன்னொரு வாஷரும் நட்டும் பூட்டி, உள்நட்டை அடிக்குழலின் மறுவாயினூடாக ஒரு ஸ்பனரால் பிடித்துக்கொண்டு, போல்ட்டின் தலையை மணிக்கூட்டுத் திசையில் முறுக்க வேண்டும். முதலில் போல்ட் இறுகி, வாஷர்கள் கப்பைக் கவ்விப் பிடிக்கும். அதன்பின் உள்நட்டை விட்டுவிட்டு அதே திசையில் தொடர்ந்து முறுக்கினால், போல்ட் மேலும் இறுக முயல, கவ்விய கப்பும் அதனோடு சேர்ந்து அதே திசையில் திரும்பும்; அந்தத் திசைதான் இடப்புரிக் கப் கழலும் திசை. முறுக்க முறுக்கப் பிடி இறுகுவதால் வழுக்குவதற்கே இடமில்லை.

எல்லா இடத்திலும் இத்தகைய தந்திரம் பலிக்காது. புதிய வண்டிகளில் அலுமினியக் கிராங், சதுரமாகச் சரிந்த உருக்கு அச்சின்மேல் இறுக்கி அமர்த்தப்பட்டிருக்கும். போல்ட்டைக் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் அது தானாகக் கழன்றுவிடும் என்று சொல்லப்படுவது உண்மையே. கழலும்போது மென்மையான அலுமினியத் துளையின் சதுரம் வட்டமாகியிருக்கும், அந்தக் கிராங் பிறகு எந்த அச்சிலும் இறுகாது. இழுகருவியின் விலை கிராங்கின் விலையைவிடக் குறைவு.

பிறீவீலைப் பொறுத்தவரை, சுத்தம் செய்வது வேறு, கழற்றுவது வேறு. அதனுள்ளே வில்லால் வெளித்தள்ளப்படும் சிறு நாக்குகள், சுற்றியுள்ள வளையத்தின் உட்பற்களில் பிடித்துக்கொண்டு விசையைக் கடத்துகின்றன. மிதிப்பது நின்றதும் பற்கள்மேல் வழுக்கிச் சென்று பழக்கமான அந்தக் கிடுகிடு ஓசையை எழுப்புகின்றன. பழைய ஒயில் பிசினாக இறுகி நாக்குகளை ஒட்டிவைத்துவிட்டால் பெடல் இருபுறமும் வெறுமனே சுழலும், வண்டி நகராது. சில்லைக் கழற்றிக் கிடத்தி, சுழலும் வளையத்துக்கும் சுழலாத நடுப்பகுதிக்கும் இடையிலுள்ள பிளவில் மண்ணெண்ணெயைச் சொட்டிச் சுற்றி, கறுப்பாக ஒழுகுவது தெளியும்வரை தொடர்ந்து, ஒரு நாள் உலரவிட்டு, பின் தையல் மெஷின் ஒயில் இட்டால் பெரும்பாலான பிறீவீல்கள் உயிர்பெறும். கிறீஸ் இங்கே ஆகாது. அது நாக்குகளை மீண்டும் ஒட்டவைக்கும்.

கழற்றுவதற்கோ பிறீவீலின் வெட்டுகளில் பொருந்தும் சாவியும் அதைப் பிடிக்க ஒரு வைஸும் இன்றியமையாதவை. பிறீவீல் சில்லின்மேல் திருகிப் பூட்டப்பட்டது. மேட்டில் ஏறும் ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்குகிறது, 60 கிலோ எடையுள்ளவரின் முழு மிதி 40 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தை அதில் செலுத்துகிறது. உளியும் சுத்தியலுமாக அதன் வெட்டுகளில் அடிப்பவர் வெட்டுகளை உடைப்பார், பிறகு சரியான சாவியும் பிடிக்காது. கடையில் சாவியை வைஸில் இறுக்கி, அதன்மேல் சில்லைக் கவிழ்த்து, விளிம்பை இரு கைகளாலும் பிடித்துச் சுக்கானைப்போலத் திருப்பிக் கழற்றுகிறார்கள். சில்லின் ஆரையே அங்கு நெம்புகோல். ஆகவே சில்லை மாற்றவிருப்பவர் கம்பிகளை வெட்டிவிட்டுப் பிறீவீலைக் கழற்றலாம் என்று எண்ணினால், பிடிப்பதற்கு எதுவும் எஞ்சாது. கழற்றிய பிறீவீலை மீண்டும் பூட்டுமுன் புரிகளில் தடிப்பாகக் கிறீஸ் பூசவேண்டும். உப்புநீர் நுழையாமல் தடுக்கும் அந்தப் பூச்சு இல்லாதபோது, வெள்ளவத்தையில் இரண்டு பருவக்காற்றுக் காலங்களுக்குப் பின் அதே வைஸும் தோற்றுவிடக்கூடும்.